கோபிநத்தம்.இந்தியா விற்பனைக்கு

9 ஜூன் 2025

இன்றும் வேலை இல்லை. வேலைக்குப் போகவில்லை என்று அர்த்தமில்லை. ஏழரைக்குக் கம்பெனி பஸ், ஹெப்பாள், வாசலில் அடையாள அட்டை, மாலை வரை நாற்காலி. கொடுப்பதற்குப் புராஜெக்ட் கிடையாது. இதற்கு பெஞ்ச் என்று பெயர். ஏப்ரலிலிருந்து பெஞ்சில் இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கிவிட்டார்கள். எங்கள் தளத்தில் பாதி விளக்குகளை அணைத்து வைத்திருக்கிறார்கள். கேன்டீனில் தோசை சின்னதாகிவிட்டது.

பக்கத்து நாற்காலி கிரண் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டான். சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இணைய முகவரியை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை; தமிழிலேயே எழுதலாம். முதலில் பதிவு செய்தவருக்கு அந்தப் பெயர் சொந்தம், வருடா வருடம் கட்டணம் கட்டும்வரை. கோயம்புத்தூரில் அய்யாவு என்று ஒருவர் இப்படி நாற்பத்தெட்டுத் தமிழ்ப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தார். புளிமண்டி, துணிக்கடை, வரன்பார்க்க, இந்த மாதிரி. தொழில் படுத்துவிட்டது என்று மொத்தமாக விற்றார். மே மாதம் நான் வாங்கிவிட்டேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"அட்ரஸ் பாரில் யாரு தமிழ் டைப் பண்றாங்க?" என்றான் கிரண், கன்னடத்தில். "நானே கன்னடத்தை இங்கிலீஷ்லதான் அடிக்கிறேன். சும்மா துட்டை வேஸ்ட் பண்ணிட்டே."

எல்லோரும் விற்கும்போது வாங்க வேண்டும் என்றேன். சொன்ன குரல் எனக்கே கொஞ்சம் அந்நியமாக இருந்தது.

10 ஜூன்

அந்தப் பணம் எதற்கு என்று கிரண் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான்கு வருடச் சேமிப்பு. ஒரு முழு வருடம் வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் கை நீட்டாமல், படித்துக்கொண்டு மட்டும் இருப்பதற்கு. அதற்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டியிருந்தது. இரட்டிப்பாக்கத்தான் இந்தப் பெயர்கள்.

22 ஜூன்

இன்னும் ஒன்பது பெயர்களை நானாகவே பதிவு செய்தேன். கொள்ளேகால், ஹனூர் பக்கம் தமிழ் பேசும் ஊர்கள். யாருக்கும் தோன்றியிருக்காது என்ற கணக்கு. பட்டியலில் முதலாவது கோபிநத்தம், அம்மாவின் ஊர். அது முதலில் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பெயரையும் திறந்தால் தெரிய ஒரு விற்பனை அறிவிப்பு வேண்டும். மதியம் முழுக்க அதை எழுதினேன். கர்நாடகத்தில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, தமிழை அம்மாவிடம் தனியாகக் கற்றுக்கொண்டவள் என்பதால் எனக்கு இந்த மொழியில் எதையும் சுமாராக எழுத மனம் வருவதில்லை. ஐந்து வாக்கியங்கள். நன்றாக வந்திருக்கின்றன. என் பெயர் எங்கேயும் இல்லை.

3 ஜூலை

விலை கேட்டு விசாரணை எதுவும் இல்லை.

19 ஜூலை

ரயில்பாதைகளின் வரலாறு ஒன்று படிக்கிறேன். பாதை வருமுன்பே வழியோரம் நிலம் வாங்கிப் போட்டவர்கள் உண்டாம். சிலருக்கு வாசலில் ரயில் நின்றது. சிலருக்குப் பாதை பத்து மைல் தள்ளிப் போய்விட்டது. அவர்களுக்கு அந்தப் புத்தகம் ஒரே ஒரு பத்தி ஒதுக்குகிறது.

நான் லேப்டாப்பில் எப்போதும் என்ன பார்க்கிறேன் என்று அம்மா கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன். "மாப்பிள்ளை பாக்கறயோன்னு நினைச்சேன்," என்றாள். ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை. அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒருவரை ஒருவர் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை.

8 ஆகஸ்ட்

ஒரு விசாரணை! கோபிநத்தம்.இந்தியா. ஆங்கிலத்தில் இரண்டு வரி: விலை என்ன, நாங்கள் வாங்க விரும்புகிறோம், இப்படிக்கு செயலாளர். பெயர் இல்லை.

அய்யாவு சொல்லிக்கொடுத்த விதிகள் இரண்டு. யார் என்று கேட்காதே. முதல் விலையைக் குறைக்காதே. இருபத்தைந்தாயிரம் என்று பதில் போட்டேன். பெங்களூரிலிருந்து ரிசார்ட் கட்டுபவர்களாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். வசதியான முடிவு.

11 ஆகஸ்ட்

"சார், நாங்கள் சிறிய சங்கம், தயவு செய்து குறையுங்கள்." ரிசார்ட்காரர்களும் இப்படி எழுதுவார்கள்தான். விலை மாறாது என்று எழுதினேன். நான் சார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி நேற்றோடு முடிந்தது. கோபிநத்தத்தில் மகேந்திரன் மாமாவின் பேத்திக்குக் காது குத்து. நானும் அம்மாவும் நேற்றே போய்விட்டோம். இப்போது திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. நானும்.

சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் பக்கத்தில் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மாமாவின் மகன் தருண்குமார் வந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன். ஊரில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், புளியும் ராகியும் சேர்த்து மேட்டூர் மண்டிக்கு அனுப்புகிறார்கள் என்பது தெரியும். தருண்தான் அதன் செயலாளர் என்பது தெரியாது.

"அத்த, அநியாயத்தக் கேளுங்க. நம்மூர் பேர எவனோ திருட்டுப்பய கம்ப்யூட்டர்ல புடிச்சு வெச்சுக்கிட்டு இருவத்தஞ்சாயிரம் கேக்கறானுங்க."

"ஊர் பேரையா? அத எப்படிடா புடிப்பான்?" என்றாள் அம்மா.

"அதான் புடிச்சுட்டானே! மண்டிக்காரரு சொன்னாரு, தமிழ்ல ஒரு பக்கம் போட்ருங்க, எங்க ஆளுங்க பாத்து ஆர்டர் குடுப்பாங்கன்னு. தேடுனா அவன் உக்காந்திருக்கான்."

சங்கத்தில் தேவம்மா என்று ஒரு அம்மாள். வாய்க்குப் பேர் போனவர். "அவன் வீட்டுப் புளியெல்லாம் பூச்சி புடிக்க!" என்றார். "ஒரு நாள் இந்த வெயில்ல புளி அடிச்சுப் பாத்திருப்பானா அவன்? பேர வித்துத் திங்கறானாம், பேர!"

நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். முடித்தேன். இதை ஏன் எழுதுகிறேன்? முழுதாக முடித்தேன் என்பதற்காக.

அப்புறம் அது நடந்தது. தருணுக்குத் தமிழ் படிக்க வராது. பேச்சு முழுக்கத் தமிழ், படிப்பு முழுக்கக் கன்னடம். அந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே எல்லோரும் அப்படித்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஊர்ப் பெயரை வாங்க வருபவர்கள் படிக்கவென்று தமிழில் ஓர் அறிவிப்பை மதியம் முழுக்க உட்கார்ந்து செதுக்கியிருக்கிறேன்.

"அக்கா, நீ தமிழ் நல்லாப் படிப்பியே. திருடன் என்னமோ எழுதி வெச்சிருக்கான். கொஞ்சம் சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்." போனை என் கையில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

படித்தேன்.

"இப்பெயர் விற்பனைக்கு உரியது. பெயர் என்பது வெறும் முகவரி அன்று. அது ஓர் ஊரின் நினைவு, ஓர் உழைப்பின் அடையாளம். காலம் கடந்து நிற்கும் இச்செல்வத்தைக் கைக்கொள்ள விரும்பும் தகுதியுடையோர் அணுகலாம். விலை பேச்சுக்கு உரியதன்று."

நடுவில் போன் திரை அணைந்தது. தருண் கையில் தண்ணீர்ச் சொம்போடு திரும்பி வந்து, விரலால் தட்டி எழுப்பிவிட்டுப் போனான்.



"என்ன கண்ணு சொல்றான்? ஒண்ணும் வெளங்கலியே," என்றார் தேவம்மா.

"விலையைக் குறைக்க மாட்டானாம்."

"தகுதி உள்ளவங்க வரலாம்னானே. அப்ப நாங்க ஆரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்சவன்தான் எழுதியிருக்கான்," என்றார். "அதான் வயிறு எரியுது."

18 ஆகஸ்ட்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

அய்யாவுவிடம் வாங்கிய நாற்பத்தெட்டுப் பெயர்களுக்கும் நவம்பர் 20 அன்று வருடக் கட்டணம் கட்ட வேண்டும். கிட்டத்தட்ட இருபத்து நாலாயிரம். கட்டாவிட்டால் எல்லாம் போய்விடும். பெஞ்சில் இருப்பவளுக்கு ஊக்கத்தொகையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். வரும் சம்பளம் வீட்டுக்கே சரியாகிறது. ஆக, கோபிநத்தம் இருபத்தைந்தாயிரத்துக்குப் போனால் மற்ற எல்லாமும் பிழைக்கும். போகாவிட்டால் நான்கு வருடம் போகும்.

சொல்லிவிடலாமா? சொன்னால் சும்மா கொடுக்க வேண்டும். சொல்லாமல் விற்கலாம், பணம் நாற்பது வீட்டிலிருந்து வரும், யாரிடமிருந்து யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவது ஒரு பெரிய விஷயமா?

நேற்று பஸ்ஸில் அம்மா தூங்கவே இல்லை. வழக்கமாகக் கொள்ளேகால் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள்.

26 ஆகஸ்ட்

"சார், கடைசி விலை எட்டாயிரம். ஒரு உறுப்பினருக்கு இருநூறு வீதம் வசூல் செய்து விட்டோம்."

பதில் போடவில்லை. முதல் விலையைக் குறைக்காதே.

4 செப்டம்பர்

பதில் போடவில்லை.

16 செப்டம்பர்

இன்று பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. மேஜையில் டிஷ்யூ பெட்டி தயாராக இருந்தது. எடுக்கவில்லை. சேலை கட்டிய ஓர் அதிகாரி, என் வயதுதான் இருக்கும், மனப்பாடம் செய்ததைச் சொன்னார். இடையில் ஒரு வரி மறந்துபோய்ப் பேப்பரைப் பார்த்தார். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர்மேல் பிரியம் வந்தது. இரண்டு மாதச் சம்பளம் தருவார்கள். அட்டையை அங்கேயே வைத்துவிட வேண்டும்.

கிரண் தப்பித்தான். வாசல்வரை வந்தான். "உன் தமிழ்ப் பேர்களையெல்லாம் வித்து எனக்கு ஒரு பார்ட்டி கொடு," என்றான். அவனுக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

அம்மாவிடம் உடனே சொல்லிவிட்டேன். "சரி, சாப்புடு," என்றாள். சாதம் போட்டுவிட்டு, "சேத்து வெச்ச துட்டு இருக்கில்ல?" என்றாள்.

இருக்கு என்றேன்.

17 செப்டம்பர்

ஒரு வருடம் வேலையில்லாமல் இருக்க விரும்பினேன். வேலையில்லாத வருடம் வந்துவிட்டது, பணத்தை மட்டும் கூட்டிவரவில்லை.

28 செப்டம்பர்

ஊர் முழுக்க தசரா விளக்குகள். பஸ்களைத் திருப்பி விடுகிறார்கள். நேர்காணலுக்குப் போன இடத்தில், விழா முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

அய்யாவுவின் விதியை உடைத்தேன். எட்டாயிரத்துக்குச் சம்மதம் என்று செயலாளருக்கு எழுதினேன். "சார்" என்று கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் சாராகவே எழுதினேன்.

1 அக்டோபர்

தருண் போன் செய்தான். ஒரு கணம், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா, சேதி தெரியுமா? திருடன் எறங்கி வந்துட்டான்! எட்டாயிரத்துக்குக் குடுக்கறேன்னு அவனே எழுதியிருக்கான்."

"நல்லதுதானே?"

"நல்லதாவது. ஒரு மாசம் பதிலே போடல அந்தப் பய. அந்தத் துட்டுல தராசு வாங்கியாச்சு. கரன்ட் தராசு. தேவம்மா சொல்லிட்டாங்க, பேர அவனே வெச்சு நக்கட்டும்னு."

சிரித்தேன். சிரிப்பு உண்மையாகவே வந்தது.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். மூட்டைல கட்டற சீட்டுல தமிழ்ல நாலு வரி எழுதித் தர்றியா? மண்டில படிக்கறதுக்கு. திருடன் எழுதுன மாதிரி வேண்டாங்க்கா. ஆளுங்களுக்குப் புரியறாப்புல."

9 அக்டோபர்

சீட்டுக்கு எட்டு நாள் ஆனது. முதலில் எழுதியதில் "மலைமண்ணின் மணம்" என்று இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "புளியில மண்ணு இருக்குன்னு நினைப்பாங்க," என்றாள். அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது:

கோபிநத்தம் புளி. கொட்டை எடுத்தது, உப்பு சேர்க்காதது. எடை குறைந்தால் கூப்பிடுங்கள்.

கீழே தருணின் எண். மூன்று வரிதான். நான் இதுவரை எழுதியதில் யாராவது படித்துவிட்டு ஒரு காரியம் செய்யப்போவது இதை மட்டும்தான்.

30 அக்டோபர்

தருண் இரண்டு கிலோ புளி அனுப்பினான். மூட்டையில் கட்டிய சீட்டு ஒன்றும் அதோடு இருந்தது. கொஞ்சம் சாய்வாக அச்சாகியிருக்கிறது.

12 நவம்பர்

சேலத்திலிருந்து கந்தசாமி என்று ஒருவர். என் நாற்பத்தெட்டுப் பெயர்களையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம். சந்தை இறங்கியிருக்கும்போதுதான் வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மே மாதம் அய்யாவுவுக்கு நானும் ஏறக்குறைய இதையே எழுதினேன். அய்யாவு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நானும் இப்போது சொல்லவில்லை.

முப்பதாயிரம் தருகிறார். ஒரு நிபந்தனை: கோபிநத்தமும் சேர வேண்டும். அதற்கு ஒருவர் விலை கேட்டு வந்த பதிவு, பெயர் விற்கும் தளத்தில் இருக்கிறதாம். மொத்தத்தில் ஆள் தேடி வந்த பெயர் அது ஒன்றுதானாம். "அவர்கள் திரும்பி வருவார்கள். நான் காத்திருப்பேன். எனக்கு அவசரமில்லை," என்கிறார்.

13 நவம்பர்

அது இல்லாமல் எவ்வளவு என்று கேட்டேன். பதினோராயிரம்.

14 நவம்பர்

பத்தொன்பதாயிரம் என்பது இப்போதைக்கு எங்கள் வீட்டில் மூன்று மாதம். சங்கத்துக்கு அந்தப் பெயர் இனி வேண்டாம், அவர்களே சொல்லிவிட்டார்கள். யாருக்கும் வேண்டாத ஒன்றைக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

மாமா சொன்னது நினைவுக்கு வருகிறது. படிச்சவன்தான் எழுதியிருக்கான்.

15 நவம்பர்

பதினோராயிரம். முடிந்தது.

கந்தசாமிக்குப் புரியவில்லை. "அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் சார்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

20 நவம்பர்

கட்டண நாள். என் கவலை இல்லை. ரயில் வராத நிலத்துக்காரர்களின் பத்தியில் நானும் ஒரு வரி.

அம்மாவிடம் சேமிப்பைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம். எதை வாங்கினேன் என்பதை மட்டும் "இன்டர்நெட்ல ஏதோ" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "ம்," என்றாள்.

2 டிசம்பர்

கோபிநத்தம்.இந்தியாவில் இருந்த என் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் சீட்டின் மூன்று வரியையும் தருணின் எண்ணையும் போட்டேன். வேறு எதுவும் இல்லை, படம்கூட இல்லை. கால் மணி நேர வேலை.

14 டிசம்பர்

காலையில் தருணின் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கையெல்லாம் மாவு. அம்மா அடுப்பில் இருந்தாள்.

"அக்கா! திருடன் புதுசா ஒரு வேலை பண்ணியிருக்கான். நம்ம பேர்ல நம்ம நம்பரையே போட்டு வெச்சிருக்கானுங்க்கா! மண்டிக்காரரு பாத்துட்டுக் கூப்புடறாரு, பக்கம் நல்லாருக்கு, யாரு பண்ணுனதுன்னு. மூணு மூட்ட ஆர்டர் வேற. என்ன பிளான் போடறான்னே தெரியல. போலீசுக்குப் போலாமா?"

"எதுக்குடா போலீஸ்? உன் நம்பர்தானே?"

"அதான் பயமாருக்கு. ஓசில ஒருத்தன் எதுக்குப் பண்றான்? அதுல வேற சீட்டுல இருக்கற அதே மூணு வரியாமா. நீ எழுதுனது அவனுக்கு எப்படிக் கெடச்சுது?"

மாவு விரலில் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா திரும்பாமலே சொன்னாள். "காது குத்து அன்னிக்கு இவன் போன் அணைஞ்சு போச்சு. இவன் வந்து தட்டற வரைக்கும் நீ நிறுத்தாமப் படிச்சுக்கிட்டே இருந்த."

"அக்கா?" என்றான் தருண். பிறகு, "அக்கா..." என்றான்.

சொன்னேன். வேலை, அய்யாவு, எட்டாயிரம், எல்லாவற்றையும். வரிசையாகச் சொல்ல வரவில்லை. அப்புறம் பேசறேன் என்று அவன் வைத்துவிட்டான். கோபமா என்று குரலில் தெரியவில்லை.

"அப்பவே ஏம்மா கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீ பதில் சொல்லியிருப்பியா?" தோசையைத் திருப்பினாள். "அந்தப் பேருக்கு வருசத்துக்கு எவ்வளவு கட்டணும்?"

"ஐநூறு. ஜூன்ல."

"அத அவங்கிட்ட வாங்கிக்க. சும்மா குடுத்தா சங்கத்துல சந்தேகப்படுவாங்க."

19 டிசம்பர்

அம்மா சொன்னபடி, ஐநூறு கட்டினால் பெயர் சங்கத்துக்கு என்று தருணுக்கு எழுதியிருந்தேன். அவனிடமிருந்து எதுவும் இல்லை.

8 ஜனவரி 2026

திங்கட்கிழமை முதல் வேலை. ஹெப்பாளிலேயே சின்னக் கம்பெனி, பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அவர்களுக்கு பஸ் கிடையாது. நகரப் பஸ்ஸில் போக வேண்டும்.

மதியம் போனில் மணி அடித்தது. என் கணக்குக்கு ஐநூறு ரூபாய், அனுப்பியவர் தருண்குமார். பணத்தோடு குறிப்பு எழுத ஓர் இடம் இருக்குமே, அதில் கன்னட எழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறான்:

திருட்டு அக்காவுக்கு. தேவம்மா இன்டர்நெட் பக்கத்துல ராகியும் சேக்கச் சொல்றாங்க.